பொறி மாற்றம் (சீருந்து)

பொறி மாற்றம் என்பது ஒரு சீருந்தில் (கார்) ஆக்குநர் பொருத்திய பொறியை (இஞ்சின்) அகற்றிவிட்டு, அதனிடத்தில் வேறொரு பொறியைப் பொருத்துவதாகும். கூடுதல் திறன் வேண்டிச் சிறிய சீருந்தில் பெரிய பொறியைப் பொருத்துவது இதன் பரவலான வடிவம் ஆகும். சீருந்து நிறுவனங்களே இவ்வாறு செய்து புதிய வகைகளை வெளியிட்டுள்ளன. ஆனால் உரிமையாளர் தாமாகவே செய்யும் இத்தகைய மாற்றம் இந்தியாவில் சட்டப்படி ஏற்கப்படுவதில்லை.

பின்னணி

பொறியின் அளவு, அதன் உருளைகளின் (சிலிண்டர்) மொத்தக் கொள்ளளவால் குறிக்கப்படுகிறது. இது கன சென்டிமீட்டர் (சிசி) என்னும் அலகில் அளக்கப்படும். கொள்ளளவு கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலான காற்றும் எரிபொருளும் எரிந்து முறுக்குவிசை பெருகும்.

இந்தியாவில் சிறிய சீருந்து என்பதற்கு வரி விதிகளே நடைமுறை வரையறையைத் தந்தன. 2006 ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில், 4 மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் எனில் 1200 சிசி, டீசல் எனில் 1500 சிசி என்ற அளவுக்கு மிகாத பொறியும் உடைய சீருந்துகளுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றத்திலும், 18 விழுக்காட்டு வரிக்கு இதே அளவுகள் பின்பற்றப்பட்டன. இதனால் இந்தியச் சிறு சீருந்துகள் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் அடங்கும் பொறிகளுடனேயே வெளிவருகின்றன.

மலைப்பாதையும் பொறித் திறனும்

பெரிய பொறி வேண்டும் என்ற எண்ணம் மலைப்பாதைகளில் எளிதில் தோன்றுகிறது. திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் சமவெளியில் அமைந்துள்ளது. இங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகச் சென்றடையும் கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், காற்றழுத்தி (டர்போ) இல்லாத பொறி தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. பெரிய பொறியும் இதே விகிதத்தில் திறனை இழக்கும். எனினும் அதில் எஞ்சும் திறன் கூடுதலாக இருக்கும்.

ஏறும்போது பொறி எவ்வளவு இன்றியமையாததோ, இறங்கும்போது தடைகள் (பிரேக்) அவ்வளவு இன்றியமையாதவை. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் சீருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டினால், தடைகள் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பொறியை மட்டும் பெரிதாக்கித் தடைகளை அப்படியே விடுவதன் இடர் இதுவே.

தொழினுட்பச் சிக்கல்கள்

பொறியை மாற்றும்போது அதனோடு இணைந்த பல பகுதிகளும் பாதிக்கப்படுகின்றன.

* தாங்கிகள்: புதிய பொறியின் மவுண்டுகள் பழைய சட்டகத்தின் துளைகளுக்குப் பொருந்துவது அரிது. முறையின்றிப் பற்றவைத்தால் சட்டகம் வலுவிழக்கும்.
* கிளட்ச்சும் கியர் பெட்டியும்: இவை குறிப்பிட்ட முறுக்குவிசையைத் தாங்கவே வடிவமைக்கப்பட்டவை. அதை மீறினால் கிளட்ச் வழுக்கும். பற்சக்கரங்களும் அச்சுத் தண்டுகளும் உடையக்கூடும்.
* குளிர்விப்பு: பெரிய பொறி கூடுதல் வெப்பத்தை வெளியிடும். பழைய ரேடியேட்டர் அதற்குப் போதாமல் பொறி சூடேறும்.
* எடைப் பகிர்வு: முன்பக்கம் கனத்தால் முன் சுருள்வில்கள் அமிழும், வளைவுகளில் வண்டி ஓட்டுநர் திருப்பிய அளவுக்குத் திரும்பாது.
* மின்னணுக் கட்டுப்பாடு: அண்மைக் கால வண்டிகளில் பொறி, தடைகள், காற்றுப்பைகள் ஆகியவற்றின் கட்டுப்பாட்டகங்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. வேறு பொறி வந்தால் இத்தொடர்பு அறுபடலாம்.

நிறுவனங்கள் செய்த மாற்றங்கள்

சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய ஸ்டாண்டர்டு எரால்டு என்னும் சிறிய சீருந்து, பிரித்தானியாவின் டிரையம்ப் எரால்டை அடிப்படையாகக் கொண்டது. 1959 இல் 948 சிசி பொறியுடன் பிரித்தானியாவில் அறிமுகமான எரால்டு, 1961 இல் 1147 சிசி பொறியைப் பெற்றது. 1962 இல் அதே உடலமைப்பில் ஆறு உருளைகள் கொண்ட 1596 சிசி பொறி பொருத்தப்பட்டு, டிரையம்ப் விட்டெசு என்ற பெயரில் வெளிவந்தது. அதற்காகச் சட்டகம் வலுவூட்டப்பட்டு, முன்சக்கரங்களில் வட்டுத் தடைகள் (டிஸ்க் பிரேக்) சேர்க்கப்பட்டன. 1966 இல் பொறி 1998 சிசியாக உயர்ந்தபோது, பின்சக்கரத் தொங்கலமைப்பு அத்திறனுக்கு ஈடுகொடுக்கவில்லை என்ற குறை எழுந்தது. 1968 இல் அது திருத்தியமைக்கப்பட்டது.

மினி சீருந்து 1959 இல் 848 சிசி பொறியையும் 34 குதிரைத்திறனையும் கொண்டிருந்தது. 1961 இல் வந்த மினி கூப்பர் 997 சிசி பொறியுடன் 55 குதிரைத்திறன் பெற்றது. இதிலும் முன்சக்கர வட்டுத் தடைகள் சேர்க்கப்பட்டன.

இந்தியாவில் இந்துசுத்தான் மோட்டார்சு நிறுவனம் 1984 இல் வெளியிட்ட காண்டெசா, அம்பாசடரின் 1489 சிசி பொறியையே கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய வண்டிக்கு அது போதவில்லை. 1980களின் பிற்பகுதியில் அதற்கு இசுசு நிறுவன வடிவமைப்பிலான 1817 சிசி பொறி அளிக்கப்பட்டது. 1990களில் அப்பொறி அம்பாசடரிலும் ஐந்து கியர் பெட்டியுடன் இடம்பெற்றது. மாருதி நிறுவனம் தன் 970 சிசி மாருதி 1000 வண்டியின் உடலமைப்பில் 1298 சிசி பொறியைப் பொருத்தி, 1994 இல் எஸ்டீம் என்ற பெயரில் வெளியிட்டது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஸ்டாண்டர்டு 2000 ஆகும். பிரித்தானியாவில் 3528 சிசி வரையிலான பொறிகளுடன் விற்பனையான ரோவர் எஸ்டி1 வண்டியில், பழைய வடிவமைப்பிலான 1991 சிசி பொறியைப் பொருத்தி 1985 இல் இது வெளியிடப்பட்டது. விற்பனையில் தோல்வியுற்று 1988 இல் இதன் உற்பத்தி நின்றது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் ஆக்குநர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக்கூடாது. எரிவாயு, மின்கலம் போன்றவற்றால் இயங்குவதற்கான மாற்றுக் கருவித்தொகுதியைப் பொருத்துவதற்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. 2019 சனவரி 9 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், கேரள வழக்கொன்றில் இந்நிலையை உறுதி செய்தது.

2019 இல் சேர்க்கப்பட்ட 182அ பிரிவு, விதிக்கு மாறாகத் தன் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது.

பழுதடைந்த பொறிக்குப் பதிலாக அதே ஆக்குநரின் அதே வகைப் பொறியைப் பொருத்துவது இதிலிருந்து வேறுபட்டது. அதற்கும் பதிவு அலுவலரின் ஒப்புதல் பெற்று, புதிய பொறி எண்ணைச் சான்றிதழில் பதிய வேண்டும். திண்டுக்கல்லில் இப்பணி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் (பதிவுக் குறியீடு TN என்னும் மாநில எழுத்துகளை அடுத்த 57) நடைபெறுகிறது.

பொறி எண் சான்றிதழோடு பொருந்தாத வண்டியின் உரிமையை மாற்றுவதில் தடை ஏற்படும்; அது திருட்டுப் பொறியோ என்ற ஐயமும் எழும். காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம், விபத்தின்போது வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். எனவே பழைய சீருந்து வாங்குவோர், பொறியில் பொறிக்கப்பட்ட எண்ணைச் சான்றிதழுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

பந்தயக் களம்

பொதுச்சாலையில் ஓடாத பந்தய வண்டிகளில் பொறி மாற்றம் அந்தந்தப் போட்டி விதிகளுக்கு உட்பட்டுச் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயத் தடங்கள் உள்ளன.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* இந்துசுத்தான் அம்பாசடர்
* மோட்டார் வாகனச் சட்டம், 1988
* கொடைக்கானல்