முழுகாம இருக்கிறவளுக்கு எத்தனை நாள்?

எங்க மீஞ்சூர் பக்கத்துல ஒரு பொண்ணு கர்ப்பமா இருக்கான்னு நேரா சொல்லமாட்டாங்க. "முழுகாம இருக்கா"ன்னுதான் சொல்லுவாங்க. மாசாமாசம் தலைக்கு முழுகுறவ இந்த மாசம் முழுகல, அவ்வளவுதான் அர்த்தம். அந்த ஒரு வார்த்தையிலேயே கணக்கு எங்க ஆரம்பிக்குதுன்னு இருக்கு பாருங்க. கடைசியா குளிச்ச நாளை அமாவாசையோட, திருவிழாவோட சேர்த்து ஞாபகம் வச்சுக்குவாங்க. ஆடி மாசம் புதுப்பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புறதும் கணக்குதான். ஆடியில கரு தங்கினா சித்திரை வெயில்ல பிரசவம் வரும்னு பயம்.

மாட்டுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. சினை ஊசி போட்ட தேதி நோட்டுல இருக்கும், அதுல இருந்து ஏறக்குறைய 280 நாள். மனுஷிக்கும் 280 நாள்னுதான் சொல்றாங்க, ஆனா அது கரு தங்கின நாள்ல இருந்து இல்ல, கடைசி மாதவிலக்கின் முதல் நாள்ல இருந்து. கரு தங்கினதுல இருந்து பார்த்தா சுமார் 266 நாள்தான். நடுவுல இருக்கிற அந்த 14 நாள்லதான் எல்லா வம்பும்.

இந்த 280-ஐ உலகம் பூரா பரப்பினவர் ஜெர்மனியில ஹைடல்பெர்க் நகரத்துப் பிரசவ மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலே. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்காரர். அவருக்கு முன்னாடியே ஹாலந்து மருத்துவர் போயர்ஹாவே சொன்னதை வச்சுத்தான் இவரும் எழுதினார். கடைசி விலக்கு தேதியோட 7 நாள் கூட்டி, 3 மாசம் பின்னால போகணும். ஜனவரி 10-ன்னா அக்டோபர் 17. விலக்கின் முதல் நாளா கடைசி நாளான்னு நேகலே தெளிவா எழுதிவைக்கல. முதல் நாள்னு பின்னால வந்தவங்க வச்சுக்கிட்டாங்க.

மெட்ராஸ்ல பிரசவத்துக்குன்னே ஆஸ்பத்திரி வந்தது 1844-ல. அதுதான் இப்ப எழும்பூர்ல இருக்கிறது. வடசென்னைக்காரங்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. சவளை ராமசாமி முதலியார் பேரு அது. சென்ட்ரல் எதிர்ல சத்திரம் கட்டினவரும் அவர்தான். காசிமேட்டு மீன்காரம்மாவுல இருந்து எண்ணூர் கம்பெனிக்காரர் பொண்டாட்டி வரைக்கும் அங்க போய் நிக்கிறப்ப, முதல் கேள்வியே "கடைசியா எப்ப குளிச்சே?"தான். எழும்பூர்ல இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் 1938-ல பிரசவ மருத்துவத்துக்கு எழுதின புத்தகத்தைப் பல தலைமுறை டாக்டருங்க படிச்சாங்க.

ஆனா நேகலே கணக்கு 28 நாளுக்கு ஒருதரம் ஒழுங்கா வர்றவங்களுக்குத்தான். ஏன்னு 1920-கள்லதான் புரிஞ்சுது. ஜப்பான்ல ஒகினோ, ஆஸ்திரியாவுல க்னாஸ், ரெண்டு பேரும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க: முட்டை வெளிய வர்றது அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னாடி. அப்ப 45 நாளுக்கு ஒருதரம் வர்ற பொண்ணுக்குக் கரு தங்கறதே 31-ஆம் நாள் வாக்குல. 17 நாள் தள்ளிப்போகுது. மேல சொன்ன அக்டோபர் 17, நவம்பர் 3 ஆயிடும்.

திருவொற்றியூர்ல கட்டிக்கொடுத்த என் தங்கச்சி மகளுக்கு இதுதான் நடந்துச்சு. எட்டாம் மாசம் ஒரு தனியார் கிளினிக்ல "குழந்தை வளர்ச்சி பத்தல, சீக்கிரம் எடுத்துடணும்"னு சொல்லிட்டாங்க. வீடே அழுதுட்டிருந்துச்சு. "மாமா, எனக்கு மாசாமாசம் வராதே, நாப்பது நாள், அம்பது நாள் ஆகுமே, அதை யாரும் கேக்கலையே"ன்னு போன்ல சொன்னா. அவ ஃபைல்ல ஒன்பதாவது வாரத்துல எடுத்த ஸ்கேன் ஒண்ணு இருந்துச்சு. வேற ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதைப் பார்த்துட்டு தேதியை 16 நாள் தள்ளி எழுதினாங்க. அந்தக் கணக்குக்குக் குழந்தை எடை சரியாத்தான் இருந்துச்சு. அவசரப்பட்டிருந்தா முத்தாத பிள்ளையை எடுத்திருப்பாங்க.

அந்த ஸ்கேன் வந்த கதை வடசென்னைக்காரங்களுக்குப் பிடிக்கும். கிளாஸ்கோ, கப்பல் கட்டுற ஊரு. அங்க இயன் டொனால்ட்ங்கிற மகப்பேறு மருத்துவர் 1955-ல, பக்கத்துல பாய்லர் செய்யற பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனிக்கு, ஆபரேஷன்ல எடுத்த கட்டிகளைக் கார்ல போட்டு எடுத்துட்டுப் போனார். இரும்புக்குள்ள விரிசல் இருக்கான்னு ஒலி அனுப்பிப் பார்க்கிற மெஷின்ல அதை வச்சுப் பார்த்தார். எண்ணூர் பாய்லர் வெல்டிங்ல பார்க்கிறாங்களே, அதே வித்தைதான். 1958-ல லான்செட் பத்திரிகையில கட்டுரை வந்துச்சு. 1973-ல அதே கிளாஸ்கோவுல ராபின்சன், குழந்தையைத் தலையில இருந்து பிட்டம் வரைக்கும் அளந்து வயசு சொல்ற முறையைக் கொண்டுவந்தார். முதல் மூணு மாசத்துல எல்லாக் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் வளரும், அதனால தப்பினாலும் அஞ்சாறு நாள்தான். கடைசி மூணு மாசத்துல எடுத்தா மூணு வாரம்கூட முன்னபின்ன ஆகும். அப்ப ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி.

அந்த அளவுகளும் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க குழந்தையை வச்சுப் போட்டது. நம்ம கிண்டி ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்தியத் தாய்மாருங்க ஸ்கேனை வச்சே 'கர்ப்பிணி'ன்னு ஒரு கணக்கு போட்டு, 2024-ல பிந்தின மாசங்களுக்கும் வெளியிட்டிருக்காங்க.

1987-ல வந்த முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு இப்ப 12 வாரத்துக்குள்ள பதியணும். நாள் ஒழுங்கா வராதவங்க "இந்த மாசமும் தள்ளித்தான் போகும்"னு சும்மா இருந்துடறாங்க, அதுக்குள்ள வாரம் ஓடிடுது. சந்தேகம் வந்த அன்னைக்கே டெஸ்ட் பண்ணிட்டு, பதியறப்போ நர்ஸம்மா கேக்கலைன்னாலும் "எனக்கு இத்தனை நாளுக்கு ஒருதரம்தான் வரும்"னு சொல்லி எழுத வைக்கணும். முதல் ஸ்கேன் காகிதத்தை லேமினேட் பண்ண வேண்டாம், சூட்டுல எழுத்து கறுத்துப்போகும். ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க.