கிளைக்கன்

உயிரியல் கட்டுரைகளில் இப்போது 'கிளைக்கன்' என்ற சொல் தலைகாட்டுகிறது. கிளைவிட்டு வளர்வதால் வந்த பெயர் என்றே தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும்; சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த இந்தச் சங்கிலிகளில் பல, கிளைவிடவும் செய்கின்றன. ஆனால் வேர், 'இனிப்பான' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இடைசெவல் கரிசலில் வெடித்து நிற்கும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. மென்று பார்த்தால் இனிப்பு துளியும் இராது. ஓடையோரக் கருவேலம்பட்டையில் வடிந்து இறுகும் பிசினும் அப்படியே: வாயில் கொழகொழவென்று கரையும், இனிக்காது. சிவப்பணுவின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை நிற்கிறது என்பதுதான் ஏ, பி இரத்தவகைகளைப் பிரிக்கிறது. சுவைக்கு அங்கே வேலையே இல்லை. 'சர்க்கரை'யும் ஆதியில் இனிப்பைக் குறித்ததல்ல. வடமொழி 'சர்க்கரா'வுக்குப் பருக்கைக்கல், சரளை என்று பொருள். அந்தச் சொல்தான் கிரேக்கம் போய், 'சாக்கரைடு' ஆகி நம் பாடப்புத்தகத்துக்குத் திரும்பியிருக்கிறது. தமிழில் 'அயிர்' இதே வழி நடந்த சொல்: நுண்மணலையும் குறிக்கும், கண்டசருக்கரையையும் குறிக்கும். மணிமணியாகக் கோத்த ஒன்றுக்கு 'அயிர்த்தொடர்' நன்றாகப் பொருந்தும் என்பேன். 'சர்க்கரைச் சங்கிலி' வகுப்பில் சட்டென்று புரியும், மறுக்கவில்லை. ஆனால் கோவில்பட்டிப் பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி, சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரை, இல்லாவிட்டால் நீரிழிவு. பருத்தியையும் பிசினையும் அந்தப் பெயருக்குள் கொண்டுவருவது கடினம்.