‘விசர்க் குளிசை’ என்று ஒதுக்குவதற்கு முன்: மனச்சோர்வு மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன?

வெள்ளவத்தை காலி வீதியில் உள்ள ஒரு பாமசி. எனக்கு முன்னால் நின்ற அம்மா, மருந்துத் துண்டை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தம்பி, இது நித்திரைக் குளிசையோ, இல்லாட்டி விசருக்குக் குடுக்கிறதோ?” கடையில் நின்ற இளைஞருக்குத் தமிழ் அரைகுறை. “நல்ல மருந்து அம்மா” என்று சொல்லி உறையில் போட்டுக் கொடுத்தார். அட்டையில் சேர்ட்ராலின் என்று இருந்தது.

அந்தக் கேள்வி கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பல வீடுகளில் இருக்கிறது. 1983 ஜூலையைக் கண்டவர்கள், 2009 இல் வன்னியிலிருந்து உயிரோடு வந்தவர்கள், 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் உறவுகளை இழந்தவர்கள் இங்கே அடுத்தடுத்த வீதிகளில் வாழ்கிறார்கள். வைத்தியரிடம் போகும்போது “மனம் சரியில்லை” என்று சொல்பவர்கள் குறைவு. நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் நோகுது, நித்திரை இல்லை, யோசனை கூட என்றுதான் சொல்கிறோம். திரும்பி வரும்போது கையில் ஒரு குளிசை. அது என்ன என்பதை யாரும் விளக்குவதில்லை.

மூளையில் நடப்பது

நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனங்களில் செரட்டோனின், நோரட்ரினலின் என்பன இரண்டு. செய்தி அனுப்பிய கலம், மிஞ்சிய இரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பாலானவை இந்த மீளுறிஞ்சலைத் தடுக்கின்றன. இந்த மாற்றம் சில மணித்தியாலங்களில் தொடங்கிவிடும். ஆனால் மனம் தேற இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். அதற்குள் மூளை மெல்ல மெல்லத் தன்னை மாற்றிக்கொள்வதாகக் கருதப்படுகிறது. ‘செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு’ என்ற எளிய விளக்கத்தை ஆய்வாளர்கள் இன்று அப்படியே ஏற்பதில்லை.

பலன் உண்டா? 522 பரிசோதனைகளைத் தொகுத்து 2018 இல் ‘த லான்செற்’ வெளியிட்ட ஆய்வில், ஆராயப்பட்ட 21 மருந்துகளும் வெற்றுக் குளிசையைவிடக் கூடுதல் பலன் தந்தன. அந்தப் பலன் சராசரியில் மிதமானதுதான்.

மருந்து வகைகள்

*எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை:* புளுவொக்செற்றின், சேர்ட்ராலின், எசிற்றலோபிராம். செரட்டோனின் மீளுறிஞ்சலை மட்டும் தடுப்பவை. பெரும்பாலும் முதலில் தரப்படுவது இதுதான். முதல் வாரங்களில் குமட்டல், தலையிடி, பதற்றம் வரலாம். அவை பெரும்பாலும் தணிந்துவிடும். பாலுறவில் நாட்டம் குறைவது நீடிக்கலாம். வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொன்னால் மருந்தை மாற்ற முடியும்.

*எஸ்.என்.ஆர்.ஐ வகை:* வென்லாபக்சின், டுலொக்செற்றின். இரு இரசாயனங்களிலும் வேலை செய்பவை. டுலொக்செற்றின் நரம்பு வலிக்கும் தரப்படுகிறது. இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

*ட்ரைசைக்கிளிக் எனும் பழைய வகை:* அமிற்றிப்ரிலின், இமிப்ரமின். மனச்சோர்வில் இமிப்ரமினின் பலனை 1950களில் சுவிற்சர்லாந்து வைத்தியர் ரோலண்ட் குன் கண்டறிந்தார். அமிற்றிப்ரிலின் குறைந்த அளவில் நாட்பட்ட வலிக்கும் தரப்படுவதால், அதைக் கண்டதும் ‘எனக்கு மனநோய் என்று எழுதிவிட்டார்கள்’ எனப் பயப்பட வேண்டாம். வாய் உலர்தல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் வரலாம். அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும். மனம் உடைந்தவர் இருக்கும் வீட்டில் இதை இன்னொருவர் பொறுப்பில், குறைந்த எண்ணிக்கையில் வைத்திருப்பது நல்லது.

*மிர்ட்டாசபின்:* நித்திரையும் பசியும் இல்லாதவர்களுக்கு உதவும். உடல் எடை கூடலாம்.

எம்.ஏ.ஓ.ஐ என்ற மிகப் பழைய வகை, கடுமையான உணவுக் கட்டுப்பாடு தேவைப்படுவதால் இன்று அரிதாகவே பயன்படுகிறது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

சுகம் வந்ததும் நிறுத்துவதுதான் நம்மிடையே பொதுவான தவறு. தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடரும்படி வைத்தியர்கள் சொல்வது, நோய் திரும்புவதைத் தடுக்கத்தான். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வு வரலாம். வைத்தியரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று: கடைசி அட்டை முடியும்வரை காத்திருக்கக்கூடாது.

இவை டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகள் அல்ல. அவற்றைப் போல அடிமையாக்குவதும் இல்லை. ஆனால் 25 வயதுக்குக் குறைந்தவர்களில் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். வீட்டார் அருகில் இருந்து கவனிக்க வேண்டும். முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், நித்திரையே தேவைப்படாத நாட்கள் இருந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இம்மருந்துகள் தனியே பொருந்தாது.

உடலில் ஷெல் துண்டுகளோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. வலிக்கு எடுக்கும் ட்ரமடோல், இம்மருந்துகளோடு சேரும்போது செரட்டோனின் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். வலிப்பு வரும் ஆபத்தும் கூடும். தலையில் காயப்பட்டவர்களும் வலிப்பு உள்ளவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

குளிசை செய்யாதது

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயின் துயரம் நோய் அல்ல. எந்தக் குளிசையும் அதற்குப் பதில் ஆகாது. அவருக்கு உரிய பதில் வேறிடத்திலிருந்து வர வேண்டும். மருந்து எடுத்தால் பிள்ளையை மறந்துவிடுவேன் என்று சில தாய்மார் அஞ்சுகிறார்கள். இம்மருந்துகள் நினைவை அழிப்பதில்லை. சாப்பிடவும் உறங்கவும் முடியாமல் ஒருவர் முடங்கியிருந்தால், எழுந்து நடக்கும் பலத்தைத் தரலாம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாகச் சொல்லிவருவது போல, போரின் காயம் தனிமனிதருடையது மட்டுமல்ல. குடும்பமும் சமூகமும் சேர்ந்தே அது ஆற வேண்டும். போர்க்கால நினைவுகள் திரும்பத் திரும்ப வந்து வதைப்பவர்களுக்கு, மருந்தைவிடப் பேச்சுவழிச் சிகிச்சைக்கே முதலிடம்.

கொழும்பில் தேசிய வைத்தியசாலையிலும் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்திலும் மனநலச் சிகிச்சை இலவசம். நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம். மொழி தடையென்றால் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அறிகுறிகள், எடுக்கும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லாத பதில் இதுதான்: அது நித்திரைக் குளிசை அல்ல, விசருக்கும் அல்ல. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருவது. சில வாரம் பொறுத்து எடுங்கள். நிறுத்துவதற்கு முன் வைத்தியரைக் கேளுங்கள்.