வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் கலிபோர்னியாவிலிருந்து பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கார் நிறுத்தும் அறையில், நான்கு சக்கரமும் கழற்றப்பட்டு, இரும்புத் தாங்கிகளின் மேல் ஒரு பழைய கார் நிற்கிறது. சீட் இல்லை. பானெட் இல்லை. கால் வைக்கும் தரைத் தகட்டில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கீழே எழுதியிருந்தான்: "சார், இது 1971 டாட்சன் 240 இசட். மூணு வருஷமா இதோட மல்லுக்கட்டறேன். நீங்க ஜப்பான் பாடத்துல சொன்னது தப்புன்னு இந்தக் கார் சொல்லுது."

வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உடனே போன் போட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

அவன் நினைவுபடுத்திய வாக்கியம் இதுதான்: "மற்றவன் செய்ததைப் பார்த்துக் காப்பியடித்தே முன்னேறிய நாடு ஜப்பான்." நான் சொன்னதுதான், மறுக்கவில்லை. முப்பது வருடம், ஒவ்வொரு பத்தாம் வகுப்பிலும் சொன்னேன். பாடப்புத்தகத்தில் அப்படி இல்லை. பிள்ளைகள் மறக்கக் கூடாது என்று நானாகச் சுருக்கிச் சொன்னது. பாருங்கள், அவனும் மறக்கவில்லை!

போனை வைத்த பிறகு நானும் உட்கார்ந்து படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் என் பக்கத்து நியாயம். காப்பி என்பதில் பாதி உண்மை இருக்கிறது. போரில் நொறுங்கிப்போன ஜப்பானில் நிசான் நிறுவனம் 1952-ல் இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஆஸ்டின் கார்களையே தன் தொழிற்சாலையில் செய்தது. உரிமம் வாங்கி, பணம் கொடுத்துக் கற்ற பாடம் அது. அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. 1958-ல் அமெரிக்கக் கண்காட்சிக்குப் போன டாட்சன் கார்கள் அந்த ஊர் நெடுஞ்சாலை வேகத்துக்குத் திணறின. எஞ்சினுக்கு வலு போதவில்லை, பிரேக்கும் சரியில்லை.

1960-ல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர் யுடாகா கதயாமா. 1909-ல் பிறந்தவர். ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். 1958-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய கடுமையான ராலி போட்டிக்கு டாட்சன் குழுவை அழைத்துப் போய், ஒரு பிரிவில் வெற்றியோடு திரும்பியவர். ஆனால் கம்பெனிக்குள் நடந்த அதிகார இழுபறியில் ஓரங்கட்டப்பட்டிருந்தார். அமெரிக்கா அவருக்குப் பதவி உயர்வாகக் கொடுக்கப்பட்டதல்ல. கண்ணில் படாமல் தள்ளி வைப்பதற்கான இடம். நம் ஊரில் பிடிக்காத அதிகாரியைத் தூர மாவட்டத்துக்கு மாற்றுவார்களே, அப்படி.

அங்கே போனவர் சும்மா இருக்கவில்லை. டீலர் டீலராக ஏறி இறங்கினார். வாடிக்கையாளர்கள் என்ன குறை சொன்னாலும் அதை அப்படியே ஜப்பானுக்கு எழுதி, திருத்தச் சொல்லி நச்சரித்தார். அமெரிக்க இளைஞன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற, காலையில் சாவி போட்டால் கிளம்புகிற ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று பல வருடம் கேட்டார். ஜப்பானில் யோஷிஹிகோ மட்சுவோ தலைமையில் வடிவமைப்புக் குழு அந்தக் காரை வரைந்தது.

1969 இறுதியில் கார் வந்தது. ஆறு சிலிண்டர், 2,393 சிசி எஞ்சின். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அமெரிக்காவில் விலை 3,526 டாலர். ஜாகுவார், போர்ஷே விலையோடு பார்த்தால் வெகு குறைவு. டீலர்களிடம் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜப்பானில் மட்டும் பெரும்பாலும் 2,000 சிசி எஞ்சினோடு விற்றார்கள். அதைத் தாண்டினால் அங்கே வரி கூடுதல்.

பெயரில் ஒரு வேடிக்கை. தலைமையகம் வைத்த பெயர் ஃபேர்லேடி. ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தப் பெயரா என்று கதயாமாவுக்குப் பொறுக்கவில்லை. கப்பலில் வந்த கார்களில் இருந்த அந்தப் பெயர்த் தகட்டைக் கழற்ற வைத்து, 240 இசட் என்ற எழுத்தை ஒட்ட வைத்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. 2.4 லிட்டர் எஞ்சின் என்பதால் 240, கம்பெனிக்குள் புழங்கிய அடையாள எழுத்து இசட். அவ்வளவுதான் பெயர்.

இந்தக் கார் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1971-லும் 1973-லும் வென்றது. 1973-ல் ஓட்டி வென்றவர் சேகர் மேத்தா. உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர்! செம்மண் புழுதியிலும் சேற்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிற போட்டி அது. வெறும் காப்பி அந்தப் பாதையில் தாங்காது என்றான் என் மாணவன். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

240, 260, 280 என்று 1978 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. பிறகு? எல்லாப் பழைய காருக்கும் நேர்ந்த கதிதான். அந்தக் காலத் தகட்டுக்குத் துருவைத் தடுக்கும் பூச்சு போதாது. பனி பெய்யும் மாநிலங்களில் சாலையில் உப்பு கொட்டுவார்கள், அது அடியிலிருந்து அரித்தது. கல்லூரிப் பையன்கள் சல்லிசாக வாங்கி ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டுகிற காராயிற்று. ஜப்பானிலோ இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செலவு பிடிக்கும் கட்டாயச் சோதனை. இப்போது 13 ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு வரியும் கூடுதல். பழையதை வைத்திருப்பவனைச் சட்டமே விரட்டும்.

இவற்றைக் காப்பாற்றியது கம்பெனியும் அல்ல, அரசும் அல்ல. வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டு உதிரிபாகம் தேடி அலைந்த சொந்தக்காரர்கள்தான்.

என் மாணவன் செய்வதைக் கேட்டேன். கார் வந்ததும் முதல் மூன்று மாதம் அவன் எதையும் மாட்டவே இல்லையாம், கழற்றியது மட்டும்தான். ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதிப் படமும் பிடித்துக்கொண்டான். பேட்டரி இருந்த தட்டைத் தூக்கினால், அமிலம் சொட்டி அடிச்சட்டம் வரை அரித்திருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் பள்ளத்தில் இலைச்சருகு அடைத்து, தண்ணீர் தேங்கி, அங்கேயும் துரு. முன்பு வைத்திருந்தவர் ஓட்டையில் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்துவிட்டார். பார்த்தால் பளபளப்பு, தட்டினால் பொத்துப்போகும். அழுகியதை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஒரு வருடம் ஆயிற்றாம். வெயிலில் வெடித்த டேஷ்போர்டு இன்னும் பாக்கி. பின்கதவு ரப்பர் இற்றுப்போனால் சைலன்ஸர் புகை காருக்குள் வந்துவிடும் என்பதால் அதற்கு முதல் உரிமை.

அப்படிக் கழற்றும்போதுதான் அவனுக்குச் சரித்திரம் கண்ணில் பட்டது. கார்புரேட்டர் இரண்டும் இங்கிலாந்தின் எஸ்.யூ. வகை, ஆனால் செய்தது ஜப்பானின் ஹிட்டாச்சி. கற்றுக்கொண்ட இடம் அதிலேயே தெரிகிறது. அவனுடையது ஆரம்ப காலக் கார். பின்கதவில் காற்றுப்போக்கிக்கு இரண்டு சிறு ஜன்னல் உண்டு. 1971-லேயே அவற்றை எடுத்துவிட்டுப் பக்கத் தூணுக்கு மாற்றிவிட்டார்கள். கார் நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே குறையைத் தேடித் திருத்தியிருக்கிறார்கள். "காப்பியடிக்கிறவன் விடைத்தாளைத் திரும்பப் படிச்சுத் திருத்த மாட்டான் சார்" என்றான். நாற்பது வருடம் தேர்வறையில் கண்காணிப்பாளராக நின்றவன் நான். அவன் சொன்னது சரி.

கம்பெனிகள் பிறகுதான் விழித்துக்கொண்டன. 1996-ல் அமெரிக்காவில் இசட் கார் விற்பனையை நிறுத்திய நிசான், பழைய 240 இசட்களை வாங்கி, பட்டறைகளில் புதுப்பித்து, டீலர்கள் வழியாக விற்றது. 200 கார் என்று திட்டம், ஐம்பதைக்கூட எட்டவில்லை. ஆனாலும் அந்தப் பெயருக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. 2002-ல் புது இசட் கார் வந்தது. 1971 சஃபாரியை வென்ற அதே காரை நிசான் ஊழியர்களே தன்னார்வமாகச் சேர்ந்து 2013-ல் மீட்டெடுத்தார்கள். மாஸ்டா நிறுவனம் தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் காரைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தை 2017-ல் அறிவித்தது. அதற்காகப் பழைய டயரைக்கூட அதே வடிவில் மறுபடி வார்த்தார்கள். வெறும் 351 கார்களே செய்யப்பட்ட டொயோட்டா 2000 ஜிடி-க்கு 2020 முதல் உதிரிபாகம் மறுபடி வருகிறது.

கதயாமா 1977-ல் ஜப்பானுக்குத் திருப்பி அழைக்கப்பட்டு ஓய்வு பெற்றார். 1998-ல் அமெரிக்காவின் மோட்டார் வாகனப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2015-ல் 105 வயதில் காலமானார்.

கடைசியாக மாணவன் என்னிடம் ஒரு யோசனை கேட்டான். 2020-ல் நன்றாகப் பாதுகாத்த ஒரு 240 இசட் 3,10,000 டாலருக்கு ஏலம் போனதாம். அதைக் கேட்டதிலிருந்து, முடித்து விற்றுவிடு என்கிறார்கள் சிலர். அமெரிக்க எட்டு சிலிண்டர் எஞ்சினைப் போட்டு வேகமாக்கு என்கிறார்கள் வேறு சிலர். வீட்டில் மருமகளோ, "எதையாவது செஞ்சு முதல்ல இடத்தைக் காலி பண்ணுங்க" என்கிறாள். பாவம், அவள் கார் மூன்று வருடமாக வெளியே வெயிலில் நிற்கிறது.

எனக்குக் கார் தெரியாது, கல்வெட்டு கொஞ்சம் தெரியும். திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிச் சுத்தம் செய்து, எழுத்தே தேய்ந்துபோன கோயில் சுவர்களைப் பார்த்து வயிறெரிந்தவன். அதனால் இதைத்தான் சொன்னேன்: "கழற்றி மறுபடி மாட்ட முடிகிறதை உன் இஷ்டப்படி மாற்று. வெட்டினால் திரும்ப ஒட்டாததை வெட்டாதே. எண் பொறித்த தகட்டையும் எஞ்சினையும் பிரிக்காதே. விற்பதா வேண்டாமா என்பதை மருமகளிடம் கேள்."

1971-க்கும் அவனுக்கும் இடையில் எத்தனையோ பேர் அந்த வண்டியை வைத்திருந்திருக்கிறார்கள். ஒருவர் பட்டி வைத்து மறைத்தார். ஒருவர் பழைய கையேட்டை முன்பெட்டியிலேயே பத்திரமாக விட்டுப் போயிருக்கிறார். தான் எந்த வகை என்று அவன் முடிவு செய்துகொள்ளட்டும்.

என் வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் இப்போது ஒரு திருத்தம். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "ஜப்பானியர் பிறரிடம் கற்றனர், கற்றதில் தம் பிழைகளை விடாமல் திருத்தியதால் முன்னேறினர்." மனப்பாடம் செய்யக் கொஞ்சம் நீளம்தான். சுருக்கினால் மறுபடி தப்பாகிவிடும்.

தீபாவளிக்குள் எஞ்சினைக் கிளப்பிவிடுவேன், சத்தத்தை வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்றிருக்கிறான். வந்தால் இங்கே போடுகிறேன். வேறு பாடத்திலும் நான் தப்பாகச் சொன்னது ஏதும் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்