சீனவெடியும் அயலட்டையும்

இலங்கைத் தமிழர் பட்டாசுக்கு வைத்துள்ள பெயர் சீனவெடி. பேச்சு வழக்கிற் பிறந்த இச்சிறு சொல் பெரியதொரு வரலாற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது. பொருள் எந்நாட்டது என்பதை மக்கள் பெயரிலேயே குறித்து வைத்தனர். ஆயின், அது யார் கைபட்டு வந்தது, யாருடைய மகிழ்ச்சிக்காக வெடித்தது என்பவற்றைச் சொல் நமக்குக் கூறுவதில்லை. மன்னரின் போர்களை மனனஞ் செய்விக்கும் நமது பாடநூல்களும் கூறுவதில்லை. மக்களின் களியாட்டங்களுக்கும் வரலாறு உண்டு என்பதையும், அது உழைப்பின் வரலாற்றோடு பிணைந்தது என்பதையும் நமது மாணவர் அறிதல் வேண்டும். அந்நோக்குடனேயே இதனை எழுதத் துணிந்தோம்.

வெடிமருந்துக்கு முன்னரே வெடி இருந்தது. பண்டைச் சீனத்து மக்கள் புத்தாண்டு நாளில் மூங்கிலை நெருப்பிலிட்டனர். கணுக்களிடையே அடைபட்ட காற்றும் ஈரமும் சூடேறி மூங்கிலைப் பிளக்கப் பேரோசை எழுந்தது. தீய ஆவிகளை வெருட்டும் வழக்கமாக இதனை 6ஆம் நூற்றாண்டுச் சீன நூலொன்று குறிக்கின்றது. பட்டாசைக் குறிக்கும் சீனச் சொல்லொன்று இன்றும் 'வெடிக்கும் மூங்கில்' என்றே பொருள்படும். 9ஆம் நூற்றாண்டளவில், சாகா மருந்து தேடிய இரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் கரிப்பொருளையும் கலந்து பார்த்தனர். 1044 இல் அரச ஆணையின்படி தொகுக்கப்பட்ட படைத்துறை நூலில் வெடிமருந்துக் கலவைகள் எழுத்தில் இடம்பெற்றுவிட்டன. சாவை வெல்ல முயன்றோர் கையிற் சாவைப் பெருக்கும் பொருள் கிடைத்தது.

கருமருந்தில் ஏறத்தாழ முக்காற் பங்கு வெடியுப்பு, அஃதாவது பொற்றாசியம் நைத்திரேற்று. எஞ்சிய காற்பங்கே கரியும் கந்தகமும். ஆகவே வெடியின் வரலாறு பெரும்பாலும் வெடியுப்பின் வரலாறே. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் இவ்வுப்பைத் தேடி வந்த இடம் பீகார். பழைய குடியிருப்புகளின் மண்ணைச் சுரண்டி, நீரில் ஊறவைத்து, வடித்துக் காய்ச்சி உப்பெடுத்தவர் நூனியா சாதியைச் சேர்ந்த ஏழை மக்கள். ஒல்லாந்தக் கம்பெனியும் ஆங்கிலக் கம்பெனியும் பட்னாவிற் போட்டியிட்டு அதனை வாங்கின. பிளாசிப் போரில் வென்ற ஆங்கிலக் கம்பெனி, அடுத்த ஆண்டாகிய 1758 இல், அவ்வாணிகத்தின் ஏகபோக உரிமையையே பெற்றுக்கொண்டது. ஐரோப்பியப் போர்க்களங்களில் முழங்கியதும் அரண்மனைத் தோட்டங்களில் ஒளிர்ந்ததும் பீகார்க் குடிசைகளைச் சூழ்ந்த மண்தான் எனில் அது மிகையாகாது.

வாணவேடிக்கை நெடுங்காலம் அரசர்க்குரிய வேடிக்கையாகவே இருந்தது. 1443 இல் விசயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் அதனைக் கண்டு எழுதியுள்ளார். இந்தியாவில் இக்கலையின் வரலாற்றை ஆராய்ந்து 1953 இல் வெளியிட்ட பி. கே. கோடே, 1400 முதலான காலத்தையே தமது ஆய்வுக்கு எல்லையாகக் கொண்டார். தீபாவளி வெடியைப் புராண காலத்துக்குக் கொண்டு செல்வோர்க்கு வரலாறு இடந்தரவில்லை.

ஐரோப்பாவில் இவ்வேடிக்கை எத்தகையது என்பதைப் பாரிசு நகர நிகழ்ச்சி ஒன்று காட்டும். பின்னாளில் 16ஆம் லூயி என முடிசூடிய இளவரசனுக்கும் மரி அந்துவானெத்துக்கும் நிகழ்ந்த திருமணத்தை முன்னிட்டு, 1770 மே 30 அன்று நகரச் சதுக்கத்தில் வாணவேடிக்கை நடைபெற்றது. தீப்பற்றியது, கூட்டம் கலைந்தோடியது, நெரிசலில் 132 பேர் மாண்டனர் என்பது அரசுக் கணக்கு. அவர்கள் மதலேன் இடுகாட்டிற் புதைக்கப்பட்டனர். 1793 இற் புரட்சி அம்மன்னனின் தலையை வீழ்த்தியபோது அவனுடலும் அதே இடுகாட்டுக்கே சென்றது. மன்னனின் மணவிழாவில் மிதியுண்டோரும் மன்னனும் ஒரே மண்ணிற் கிடந்தனர்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டறியப்பட்ட பொற்றாசியம் குளோரேற்று வாணங்களின் தன்மையை மாற்றியது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்ரொன்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், செம்பு நீலத்தையும் தந்தன. அரசரின் வேடிக்கை சந்தைப் பண்டமாயிற்று. சந்தைப் பண்டமானதால் அது நமது ஒழுங்கைகளையும் வந்தடைந்தது. வரலாற்றின் இக்கட்டமே நம்மை நெருங்கித் தொடுவது.

யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கல் விடியலில் முற்றத்திற் கோலமிட்டு அடுப்பு மூட்டுவர். பால் பொங்கி வழியுங் கணத்திற் சீனவெடி கொளுத்துவர். கிடுகுவேலிக்கு அப்பால் ஓசை எழுந்தால், "அவையின்ரை பானை பொங்கீட்டுது" என்று இப்பாலுள்ளோர் கூறுவர். அயல் முழுவதும் அறியவேண்டிய நற்செய்தியை வெடியே அறிவித்தது. துடக்கு வீட்டார் அன்று வெடி கொளுத்தார். அவ்வீட்டின் மௌனத்தையும் அயல் கேட்டது. கேட்டதனாலேயே தன் அடுப்பிற் பொங்கியதில் ஒரு பங்கை அங்கே அனுப்பியது. அயலட்டை என்று நம்மவர் சொல்வது இவ்வுணர்வையே. வீடுகள் அருகருகே இருப்பதால் மட்டும் அயல் உண்டாகிவிடாது.

தொழிலின் பொருட்டு நாம் வாழ்ந்த பிற அயல்களும் நெஞ்சில் நிற்கின்றன. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நத்தார் நள்ளிரவில் ஒரு வீட்டு வாசலில் வெடி கேட்கும். சித்திரைப் புத்தாண்டிற் சிங்களவர் வாசலிலும் தமிழர் வாசலிலும் ஒரே சுபவேளையை ஒட்டிக் கேட்கும். தட்டுகள் படலை தாண்டிப் போய்வரும். மலையகத்திலோ தீபாவளியே பெரிய பண்டிகை. லயத்தின் ஒரு காம்பராவிற் கொளுத்திய மத்தாப்பு அடுத்த காம்பராப் பிள்ளைக்கும் ஒளி தரும். ஆனால் அவ்வொளி கடனில் வாங்கியது. தோட்ட நிருவாகம் பண்டிகை முற்பணம் வழங்கிப் பின்னர் மாதந்தோறும் சம்பளத்திற் கழித்துக்கொள்ளும். ஓரிரவின் மகிழ்ச்சிக்காகப் பல மாதங்கள் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததை நாம் நம் மாணவரின் வீடுகளிற் கண்டோம்.

பழைய அயலை நினைந்து உருகுவோர் அதன் குறையை மறைத்தலாகாது. யாழ்ப்பாணக் கோயில்களில் திருவிழா ஒவ்வொன்றும் ஓர் உபயகாரருக்கு உரியது. மேளம் எத்தனை கூட்டம், சப்பறம் எத்தனை உயரம், வாணம் எவ்வளவு நேரம் என உபயகாரரிடையே போட்டி மூண்டது. செல்வமும் சாதிப் பெருமையும் வானத்திலும் எழுதப்பட்டன. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவு அடைபட்டிருந்தது. வானத்துக்கு மட்டும் கதவில்லாமையால் அவர்களும் வெளிவீதிக்கப்பால் நின்று வாணங்களைக் கண்டனர். அதனைச் சமத்துவம் என்று எவரும் கூறார். 1957 இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் போராட வேண்டியே இருந்தது. அயல் தானாக விரிவதில்லை. மக்கள் போராடியே அதனை விரிக்கின்றனர்.

பின்னர் வந்த போர் அயலையே அழித்தது. 1983 யூலையிற் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தமிழரைத் தம் வீட்டினுள் ஒளித்துக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டு வெளியேறினர். பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலமும் அரிதாகி, ஜாம் போத்தல் விளக்கில் மாணவர் படித்த காலத்திற் சீனவெடியை யார் நினைத்தனர்? வெடியோசை கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடுவதே ஒரு தலைமுறை கற்ற முதற் பாடம். போர் ஓய்ந்த பின்பும் பண்டிகை வெடிக்கு உடல் நடுங்கிய முதியோரை நாம் அறிவோம். ஒரே கருமருந்தின் இரு பயன்களை அவர்களின் செவி பிரித்தறியவில்லை.

2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது தென்னிலங்கை வீதிகளிற் சீனவெடி கொளுத்தினர், பாற்சோறு பரிமாறினர். அதே நாட்களில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய மக்கள் வவுனியா முகாம்களில் முட்கம்பிக்குள் நின்று உறவினரைத் தேடிக்கொண்டிருந்தனர். வெடி கொளுத்தியோரிற் பலர் ஏழை எளியவர். குண்டுகளுக்கு அஞ்சி வாழ்ந்தவர். படைக்குப் பிள்ளைகளை அனுப்பியவர். போர் ஓய்ந்த ஆறுதல் அவர்களுக்கு இருந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும், துடக்கு வீட்டின் மௌனத்தைக் கேட்கும் பண்பு நாடு என்ற அளவில் இல்லாது போயிற்று. ஆட்சியாளர் அம்மகிழ்ச்சியைத் தமது வெற்றி விழாவாக மாற்றிக்கொண்டனர். 13 ஆண்டுகளின் பின், 2022 யூலையில், போரை வென்றதாகப் புகழப்பட்ட அதே குடும்பத்தின் சனாதிபதி நாட்டைவிட்டு ஓடிப் பதவி துறந்தபோது, காலிமுகத்திடலில் மக்கள் மீண்டும் வெடி கொளுத்தினர். எரிபொருள் வரிசையிற் காய்ந்தவர்கள் இம்முறை தம் சொந்த வெற்றியைக் கொண்டாடினர். வெடி ஒன்றே, அதற்குப் பொருள் தருவது அதனைச் சூழ்ந்து நிற்கும் மக்களின் உறவு.

இறுதியாக, வெடியைச் செய்யும் கைகளை நினைத்தல் வேண்டும். மழை பொய்க்கும் சிவகாசியில் 1920களிற் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. அதன்வழிப் பட்டாசுத் தொழில் வளர்ந்து இந்தியாவின் தேவையிற் பெரும்பகுதியை நிறைவு செய்யலாயிற்று. திரி வெட்டியும் மருந்து அடைத்தும் வளர்ந்த சிறுவர் பலர்; அவர்களை இத்தொழிலிற் சேர்ப்பது 1986 இன் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. 2012 செப்டெம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமது நாட்டிலோ நீர்கொழும்பை அடுத்த கிம்புலாபிட்டிய பட்டாசுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கும் குடிசைத் தொழிலாக வெடி செய்வோர் விபத்துகளில் உயிரிழந்துள்ளனர். நாம் தைப்பொங்கலிற் கொளுத்தும் சரத்தை ஒரு சிங்களத் தாய் சுற்றியிருக்கக் கூடும். அவளுடைய கூலி, அவளுடைய கூரை, அவளுடைய உயிர் ஆகியவற்றைப் பற்றி நாம் கேட்டதுண்டா?

பண்டிகையை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. மக்கள் மகிழ வேண்டும். பிள்ளைகள் மத்தாப்பின் ஒளியிற் சிரிக்க வேண்டும். கடனின்றி மகிழும் கூலி வேண்டும் என்பதும், வெடி செய்வோர் உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்பதும் அம்மகிழ்ச்சியின் பகுதிகளே. ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பணியுண்டு. மாணவரை அவரவர் அயலின் முதியோரிடம் அனுப்புவோம். எந்தக் கோயிலில் யார் உபயம் செய்தனர், யார் வெளியே நின்றனர், எந்த வீடு எந்த ஆண்டில் ஆளின்றிப் போயிற்று என்பவற்றைக் கேட்டு எழுதச் செய்வோம். வெடி கேட்ட வீடுகளோடு கேளாத வீடுகளையும் அவர்கள் குறித்து வரட்டும். அயலட்டையின் முழு வரலாறு அவ்வேடுகளிலிருந்தே எழுதப்படும்.