கந்தல் துணிக்கு என்ன மதிப்பு?



உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். டெய்லர் திருப்பித் தந்த ரவிக்கைத் துண்டு, முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், ஓரம் நைந்த வேட்டி எல்லாம் கிடக்கும். தூக்கிப் போட மனம் வராது. வைத்துக்கொள்ள இடமும் இருக்காது. நான் பி.காம். படித்த காலத்தில், மிச்சம் மீதிக்கு 'ஸ்கிராப் வேல்யூ' என்று ஒரு சிறு தொகையைப் போட்டுக் கணக்கை முடிப்போம். அந்தச் சிறு தொகைக்குள் அடங்காத ஓர் ஊரின் வரலாற்றைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுவதால் ஏறக்குறைய ஒரு தீவு மாதிரி. ஜீ என்பவர் தொடங்கிய பருத்தித் தோட்டம், 1845-இல் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அங்கே அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களுக்கும் பெட்வே என்ற பெயரே நிலைத்துவிட்டது. அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர்கள் அதே மண்ணில் வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்தார்கள்.

விதை, உரம், மளிகை எல்லாம் கடன். அறுவடையில் கழித்துக்கொள்வார்கள். பருத்தி விலை சரிந்ததும் கடன் ஏறிக்கொண்டே போனது. 1932-இல், கடன் கொடுத்திருந்த வியாபாரி இறந்துபோக, அவர் குடும்பத்தார் பாக்கி முழுவதையும் உடனே கேட்டார்கள். சுமார் 60 குடும்பங்களின் கால்நடை, கலப்பை, விதை, சேமித்து வைத்த தானியம் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தை ஊர் மக்கள் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவை வைத்துத் தள்ளினார்கள். ஜப்தி என்ற சொல்லை வங்கிக் கோப்புகளில் நிறையப் பார்த்தவன் நான். விவசாயியின் கலப்பையை எடுத்துவிட்டால், கடனை அடைக்கும் வழியும் அதோடு போய்விடும்.

அந்த மர வீடுகளில் இடுக்கு வழியாகக் குளிர்காற்று வரும். சுவரில் செய்தித்தாளை ஒட்டினார்கள். உடம்புக்குப் போர்வை? வயலில் போட்டுக் கிழிந்த கால்சட்டை, மாவு மூட்டைச் சாக்கு என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். நடுவில் பஞ்சை வைத்து மூன்று அடுக்காகச் சேர்த்தால் கனமான போர்வை தயார். 1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன கணவரின் வேலை உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். வெளுத்த நீலமும் பழுப்புமாக, அவர் உழைத்த அடையாளம் அப்படியே அதில் தெரியும்.

இதில் சந்தோஷமும் உண்டு. மேல் துணியின் வடிவத்தை ஒவ்வொருத்தியும் தன் மனசுக்குப் பிடித்தபடி தனியே அமைப்பாள். பிறகு நாலைந்து பேர் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, பாடிக்கொண்டே அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பார்கள்.

1960-களில் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டுக் கிளம்பினார்கள். ஊரை அக்கரையோடு இணைத்த படகுப் போக்குவரத்து 1962-இல் நின்றது. வாக்காளராகப் பதிந்துகொண்டதற்காக வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. இந்த நிலையில்தான் 1966-இல் ஜீஸ் பெண்ட் பெண்களும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களும் சேர்ந்து 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. அந்தச் சங்கம் சொந்தமாக நிலம் வாங்கித் தையல் கூடம் கட்டியது. வெளியேற்றப்பட்ட சில குடும்பங்களுக்கு மனையும் விற்றது. கந்தல் துணியில் ஆரம்பித்த வரவு, நிலமாக மாறிவிட்டது பாருங்கள்!

1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்ட்ராய் தலையணை உறைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளையும் பெண்கள் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதுப் போர்வைகள் தைத்தார்கள். 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகம் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை 10 போர்வைகளின் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. படகும் அதே ஆண்டில் திரும்ப ஓடத் தொடங்கியது. ஊர் 44 வருடம் காத்திருந்தது.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். இரண்டு பழைய பருத்திப் புடவை, ஒரு பை துண்டுத் துணி, ஊசி நூல் போதும். நூலோட்டத் தெரிந்தால் ஒரு குழந்தைப் போர்வை தைத்துவிடலாம். தனியாக உட்கார்ந்தால் அலுப்புத் தட்டும். நம் வளாகத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு மாலை ஆரம்பித்துப் பாருங்களேன். எனக்குத் தைக்க வராது. துணி வெட்டிக் கொடுக்கவும் கணக்கு எழுதவும் நான் தயார்.