யுனிக்ஸ் கையேடும் 'ஹலோ, வேர்ல்ட்' பிறந்த கதையும்

1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கையேடு வெளியானது. எழுதியவர்கள் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி. அவர்கள் உருவாக்கிய யுனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான முதல் கையேடு அது. இன்றைக்கு உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடுகிற லினக்ஸ் வரைக்கும் இதன் வம்சாவளி நீள்கிறது.

அந்தக் கையேட்டின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், சிலவற்றுக்குக் கூடுதலாக. பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள்... இப்படிச் சிறு தலைப்புகள். கடைசிப் பகுதியில் 'பிழைகள்' என்றும் ஒரு தலைப்பு! இந்த நிரலில் இன்னின்ன குறைகள் உள்ளன என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்கிற இடம். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். தன் பலவீனத்தைத் தானே முதலிலேயே அச்சிட்டுக் கொடுக்கிற நிறுவனம் எங்கே இருக்கிறது? தணிக்கையாளர் கேட்டால்தான் அடிக்குறிப்பிலாவது வரும்.

ஆனால் இந்தத் தலைப்பு வெறும் நேர்மைக்காக மட்டும் பயன்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்கு மேலாளராக இருந்த டக் மெக்கில்ராய் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கையேட்டின் அடுத்த பதிப்பு வரப்போகிறது என்றாலே எல்லோரும் பரபரப்பாகிவிடுவார்களாம். அசிங்கமான ஒரு விஷயத்தை எழுத்தில் வைத்துப் பார்த்ததும், இதை எப்படி அச்சிடுவது என்று கூச்சப்பட்டு, நிரலையே திருத்திவிடுவார்களாம். அல்லது அந்த வசதியையே எடுத்துவிடுவார்களாம். எழுதி விளக்க முடியாதது நிரலிலும் இருக்கக்கூடாது என்ற வழக்கம் இப்படித்தான் வந்தது.

இவ்வளவு நல்ல கையேட்டிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அது தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. பெயர் தெரிந்தால் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பெயரே தெரியாதவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

யுனிக்ஸை முதலில் பயன்படுத்திய வெளியாட்கள் கணினி விஞ்ஞானிகள் அல்லர். 1971-இன் பிற்பகுதியில் பெல் நிறுவனத்தின் காப்புரிமைத் துறையிலிருந்து மூன்று தட்டச்சர்கள் வந்து, நாள் முழுவதும் காப்புரிமை விண்ணப்பங்களை அதில் தட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படிப் பட்டவர்கள் முன்னால் இருந்ததோ 'எட்' என்ற உரைத்தொகுப்பி. என்ன தவறு செய்தாலும் அது சொல்லும் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. ஏன் தவறு, எங்கே தவறு, எதுவும் சொல்லாது. இயந்திரமும் திரை இல்லாத டெலிடைப். அடித்ததெல்லாம் காகிதத்தில் பதிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பிரையன் கெர்னிகன் வருகிறார். கனடாவில் பிறந்தவர், தாம்ப்சனுக்கும் ரிட்சிக்கும் சக ஊழியர். 'எட்' பற்றி அவர் ஓர் அறிமுகப் பாடம் எழுதினார். எல்லாக் கட்டளைகளையும் அடுக்காமல், ஒருவர் உட்கார்ந்தவுடன் என்ன செய்வார் என்பதிலிருந்து தொடங்கினார். உரையைச் சேர்ப்பது எப்படி, சேமிப்பது எப்படி, வெளியேறுவது எப்படி. படித்துக்கொண்டே இயந்திரத்தில் செய்தும் பார்க்கச் சொன்னார். உரை அடித்து முடித்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து அடிக்கும் கட்டளையும் உரையாகவே சேர்ந்துவிடும். அனுபவசாலிகளே இதை மறப்பதுண்டு என்று சொல்லி, 'எட்' உங்களைக் கண்டுகொள்ளாததுபோல் தோன்றினால் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள் என்று வழிகாட்டினார். புதிதாக வருபவருக்கு எவ்வளவு ஆறுதல்! தப்பு தன்னுடைய மூளையில் இல்லை என்று தெரிகிறதே.

தொடக்கநிலையாளர்களுக்கான யுனிக்ஸ் அறிமுகத்தையும் அவரே எழுதினார். அதில் உள்ளே நுழைவது, தவறாக அடித்த எழுத்தை '#' போட்டு நீக்குவது, முழு வரியையும் '@' போட்டு ரத்து செய்வது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள்கூட உண்டு. நிபுணர்கள் இவற்றை எழுத மாட்டார்கள். அவர்களுக்கு இவை விஷயமாகவே தோன்றாது.

நிரல்மொழிகளிலும் இதே வேலைப் பங்கீடுதான். 'பி' மொழிக்கு விதிமுறை விளக்கத்தைத் தாம்ப்சன் எழுதினார், அறிமுகப் பாடத்தைக் கெர்னிகன் எழுதினார். அந்தப் பாடத்தில்தான் 'ஹலோ, வேர்ல்ட்' என்று அச்சிடும் நிரல் வருகிறது. 'பி' மொழியில் ஒரு மாறிலியில் நான்கு எழுத்துகளுக்கு மேல் அடங்காது. ஆகவே அந்த வாழ்த்தை மூன்று துண்டுகளாக வெட்டி ஒட்டவேண்டியிருந்தது. பிறகு 1974-இல் 'சி' மொழிக்கு எழுதிய பாடத்திலும் அதே வாழ்த்து, இம்முறை வெட்டாமல்.

1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய 'சி' புத்தகம் வெளிவந்தது. மொத்தம் 228 பக்கங்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு வாழ்த்து, அடுத்து ஃபாரன்ஹீட் வெப்பநிலையைச் செல்சியஸாக மாற்றும் அட்டவணை, பிறகு எழுத்துகளையும் சொற்களையும் எண்ணும் குட்டி நிரல்கள். கடினமான பகுதிகளை வேண்டுமென்றே தள்ளிவைத்திருக்கிறோம், இதனால் முழுப் படம் கிடைக்காது என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். ரிட்சியின் கறாரான விதிமுறை விளக்கம் பின்னிணைப்பாகக் கடைசியில் போய்விட்டது. இந்த வரிசைதான் முக்கியம்.

இந்த ஆவணங்கள் இல்லாமல் யுனிக்ஸ் இவ்வளவு தூரம் பரவியிருக்குமா என்பது சந்தேகமே. 1956-இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஏடி அண்ட் டி நிறுவனம் தொலைபேசித் துறைக்கு வெளியே வணிகம் செய்ய முடியாது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு யுனிக்ஸ் உரிமம் கொடுத்ததே தவிர, எந்த உதவியும் தரவில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. நாடாவில் வந்த மூல நிரலும், கூட வந்த தாள்களும்தான் துணை. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் கையேட்டின் இரண்டாம் தொகுதியில் கெர்னிகனின் பாடங்களும் சேர்ந்தே இருந்தன.

அந்த வாழ்த்து எங்கிருந்து வந்தது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பேட்டியில் கெர்னிகனிடம் கேட்டார்கள். எப்போதோ பார்த்த ஒரு கேலிச்சித்திரம்தான் அவர் நினைவில் இருந்தது. முட்டையிலிருந்து வெளியே வந்த ஒரு கோழிக்குஞ்சு அதில் 'ஹலோ, வேர்ல்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்ததாம்.